ஏரியில் விழுந்த அம்புகள்

ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் பாயின்ட் பீட்டர் என்று ஒரு முனை இருக்கிறது. 1954க்கும் 1957க்கும் நடுவில் அங்கிருந்து ஒன்பது குட்டி விமானங்களை ராக்கெட்டில் பூட்டி ஏவினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். உள்ளே ஆள் கிடையாது, எஞ்சின் கிடையாது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய், கொஞ்ச நேரம் ரேடியோவில் தகவல் அனுப்பிவிட்டு, ஏரியில் விழுந்து மூழ்கிப்போயின. தேடி எடுத்து வர யாரும் போகவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வேண்டிய எண்கள் ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டன.

அவை 'அவ்ரோ ஆரோ' என்ற கனடாப் போர்விமானத்தின் எட்டில் ஒரு பங்கு அளவு மாடல்கள். ஆரோ என்றால் அம்பு. அசல் ஆரோ ஐந்து பறந்தன. ஐந்தையும் 1959இல் அறுத்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். இன்று முழுசாக ஓர் ஆரோ உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததென்று கைவிட்ட அந்தக் குட்டி மாடல்களைத் தேடி அறுபது வருஷம் கழித்து ஆட்கள் சோனார் கருவியோடு ஏரியில் இறங்கியிருக்கிறார்கள்.

ஆரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசியலில் ஆரம்பித்து அரசியலிலேயே முடிப்பார்கள். யார் கொன்றது, ஏன் கொன்றது என்பதுதான் கேள்வி. நான் சேர்த்து வைத்த குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது, இந்தக் கதையை மாடல்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரிகிற மாதிரி இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எதற்கு இப்படி ஒரு விமானம்?

பனிப்போர் காலம். சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வட துருவத்தைத் தாண்டி அமெரிக்காவுக்கு வரவேண்டும் என்றால் முதலில் கனடாவின் வானத்தைக் கடந்தாக வேண்டும். கனடா விமானப்படையிடம் அப்போது இருந்தது சி.எஃப்-100 கனக். நல்ல உழைப்பாளி விமானம்தான், ஆனால் ஒலியின் வேகத்துக்குக் கீழேதான் பறக்கும்.

1953இல் விமானப்படை ஒரு தேவைப் பட்டியல் போட்டது. 50,000 அடி உயரத்தில் ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில், அதாவது மாக் 1.5இல் பறக்க வேண்டும். அந்த உயரத்தில் அந்த வேகத்தில் 2ஜி விசையோடு திரும்ப வேண்டும். திரும்பும்போது வேகமும் குறையக்கூடாது, உயரமும் குறையக்கூடாது. கடைசி நிபந்தனைதான் கொடுமை. அந்த உயரத்தில் காற்று மெலிந்து கிடக்கும். திரும்பினால் காற்றுத்தடை ஏறும். அதை ஈடுகட்ட எஞ்சினில் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். இதைச் செய்யக்கூடிய விமானம் அப்போது எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை.

டொரொன்டோவுக்குப் பக்கத்தில் மால்டனில் இருந்த அவ்ரோ கனடா நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்டது. (யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் டொரொன்டோ போகிறவர்கள் இன்று இறங்குகிற பியர்சன் விமான நிலையம்தான் அன்றைய மால்டன் விமான நிலையம்.) பொறியியல் பிரிவின் தலைவர் ஜிம் ஃபிளாய்ட். காற்றியக்கக் கணக்குகளுக்குப் பொறுப்பு ஜிம் சேம்பர்லின். உடலின் மேல்பக்கமாகப் பொருத்திய பெரிய டெல்டா இறக்கை, இரண்டு எஞ்சின், இரண்டு ஆள் என்று வடிவம் முடிவாயிற்று. இறக்கையின் அகலம் 50 அடி. சின்ன விமானமே இல்லை, ஒரு பேருந்தைப் போல இரண்டு மடங்கு நீளம்.

மாடலை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

காகிதத்தில் போட்ட கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரணமாகக் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாடலைக் கட்டி வைத்துக் காற்றை ஊதிப் பார்ப்பார்கள். ஆரோவுக்கும் அதை நிறையச் செய்தார்கள். பஃபலோவில் இருந்த கார்னெல் ஆய்வுக்கூடத்தின் சுரங்கம் வரை போனார்கள்.

ஆனால் காற்று ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சுரங்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாடலிலிருந்து கிளம்பும் அதிர்வலைகள் சுவரில் பட்டுத் திரும்பி மாடல் மேலேயே விழும். அப்புறம் கருவி காட்டுவது மாடலின் குணமா, சுவரின் குணமா என்று பிரிக்க முடியாது. 1950 வாக்கில் அமெரிக்காவின் நாகா நிறுவனம் (நாஸாவின் முன்னோடி) சுரங்கச் சுவரில் நீளவாக்கில் பிளவு விட்டு இதற்கு ஒரு வழி கண்டது. அப்படியும் அளவுப் பிரச்சினை தீரவில்லை. சுரங்கத்துக்குள் அடங்கும் மாடல் சின்னதாகத்தான் இருக்கும். சின்ன மாடல் மேல் காற்று நடந்துகொள்வதும் பெரிய விமானம் மேல் நடந்துகொள்வதும் ஒன்றல்ல.

சுவரே இல்லாத சுரங்கம் வேண்டுமென்றால் வானம்தான் இருக்கிறது. நாகா வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவில் 1945லிருந்தே மாடல்களை ராக்கெட்டில் வைத்துக் கடல் மேல் ஏவிக்கொண்டிருந்தது. அவ்ரோவும் அதே வழியில் போயிற்று. மொத்தம் பதினோரு மாடல்கள்: ஒன்பது ஒன்டாரியோ ஏரிமேல், இரண்டு வாலப்ஸ் தீவிலிருந்து.

முறை எளிமையானது. மாடலுக்குப் பின்னால் நைக்கி ஏவுகணையின் பூஸ்டர் ராக்கெட்டைப் பூட்டுவார்கள். அது சில விநாடிகள் எரிந்து மாடலை ஒலியின் வேகத்துக்கு மேலே தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளும். அதன்பிறகு மாடல் தன் பாட்டுக்குப் போகும், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறையும். முக்கியமான அளவெடுப்பே இந்த வேகம் குறையும் கட்டத்தில்தான். விநாடிக்கு எவ்வளவு வேகம் குறைகிறது என்று தெரிந்தால், மாடலின் எடையை வைத்து, காற்று எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நிலைத்தன்மையைப் பார்க்க வேண்டும் என்றால், பறக்கும்போதே மாடலைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளப்பார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோகிற காரியம். அதற்கு மாதக்கணக்கில் பாடுபட்டு உலோகத்தில் செய்த மாடலை ஏரிக்குப் பலி கொடுக்க வேண்டும்.

அந்தக் காற்றுத்தடைக் கணக்கு ஏதோ பொறியாளர்களின் நுணுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒட்டாவாவில் இருந்த தேசிய வானூர்தி ஆய்வு நிறுவனத்தினர், அவ்ரோ சொல்லும் காற்றுத்தடை உண்மையில் இருக்கப்போவதைவிடக் குறைவு என்று 1954இலேயே சந்தேகம் கிளப்பினார்கள். பஞ்சாயத்து நாகா வரை போயிற்று. அவர்கள் சொல்வது சரியென்றால் ஆரோ கேட்ட வேகத்தில் திரும்பாது, கேட்ட தூரம் போகாது. மொத்தத் திட்டமும் அந்த ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதே சமயத்தில்தான் நாகாவின் ரிச்சர்ட் விட்கூம் கண்டுபிடித்த பரப்பு விதி வந்து சேர்ந்தது. விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை வாழைப்பழம் மாதிரி வில்லை வில்லையாக வெட்டிப் பார்த்தால், வில்லைகளின் பரப்பு சீராக ஏறிச் சீராக இறங்க வேண்டும். நடுவில் திடீரென்று புடைத்தால் ஒலியின் வேகத்தில் தடை எகிறும் என்பது சாரம். அவ்ரோ குழு வடிவத்தைத் திருத்தியது. மூக்கைக் கூர்மையாக்கினார்கள், காற்று நுழையும் வாயின் உதட்டை மெல்லிசாக்கினார்கள், விமானி அறைக்குக் கீழே உடலைக் குறைத்தார்கள், பின்பக்கம் ஒரு நீட்டல் சேர்த்தார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகளின் பலனாக இறக்கையின் முன்விளிம்பில் ஒரு வெட்டும், வெளிப்பாதியில் சின்ன நீட்சியும் வந்தன. ஆக, ஏரிக்குப் போன மாடல்கள் எல்லாம் ஒரே விமானத்தின் நகல்கள் அல்ல. முதலில் போனவை ஏவுதலும் ரேடியோவும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் செய்த கரடுமுரடான டெல்டாக்கள். பிறகு போனவை தடையை அளக்கவும் நிலைத்தன்மையை அளக்கவும் செய்தவை. ஏரியின் அடியில் கிடப்பது ஒரு விமானம் யோசிக்கப்பட்ட வரிசை.

ஸ்புட்னிக்கோடு பிறந்தது

முதல் ஆரோவை 1957 அக்டோபர் 4 அன்று ஆயிரக்கணக்கான பேர் முன்னால் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வந்தார்கள். அதே நாள்தான் சோவியத் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. இதைவிடக் கெட்ட முகூர்த்தம் ஒரு போர்விமானத்துக்கு அமைய முடியாது. விண்வெளிக்குப் பொருளை அனுப்ப முடிந்தவன் அணுகுண்டையும் அப்படியே அனுப்புவான். அப்புறம் குண்டுவீச்சு விமானத்தை விரட்டிப் பிடிக்க இத்தனை செலவில் ஒரு விமானம் எதற்கு?

1958 மார்ச் 25 அன்று போலந்துக்காரரான யானுஷ் ஜுரகோவ்ஸ்கி ஆர்.எல்-201ஐ முதன்முதலாகப் பறக்கவிட்டார். அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஜே-75 எஞ்சினோடேயே பிறகு மாக் 1.9ஐத் தாண்டியது ஆரோ. விமானியின் கைப்பிடியை மின்சாரச் சமிக்ஞை வழியாக இறக்கையோடு இணைக்கும் ஃபிளை-பை-வயர் முறையும் அதில் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். கனடாவிலேயே செய்த இரோக்வா எஞ்சின் ஆறாவது விமானமான ஆர்.எல்-206இல் பொருத்தப்படுவதாக இருந்தது.

செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. விமானத்தோடு நிற்காமல் எஞ்சின், அஸ்ட்ரா என்ற ரேடார் அமைப்பு, ஸ்பாரோ-2 ஏவுகணை எல்லாவற்றையும் புதிதாகச் செய்யக் கிளம்பியிருந்தார்கள். ஸ்பாரோ-2ஐ அமெரிக்கக் கடற்படையே கைவிட்ட பிறகும் கனடா பிடித்துக்கொண்டிருந்தது. வெளிநாடு எதுவும் ஆரோவை வாங்க முன்வரவில்லை. 1958 செப்டம்பரில் அஸ்ட்ராவும் ஸ்பாரோவும் ரத்து. 1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் மொத்தத் திட்டமும் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார். அவ்ரோவிலும் அதன் எஞ்சின் நிறுவனமான ஒரெண்டாவிலும் 14,000 பேருக்கு மேல் அன்றைக்கே வேலை போயிற்று. தொழிற்சாலை ஒலிபெருக்கியில் சேதி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கனடாவில் அதைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள்.

நிறுத்தியது தவறா என்றால், அன்றைய கணக்குப்படி நிறுத்தியதற்குக் காரணங்கள் இருந்தன என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதோடு விட்டிருக்கலாம்.

அறுத்தது யார்?

விடவில்லை. பறந்த ஐந்தையும், முடியும் தறுவாயில் இருந்த ஆறாவதையும், வரிசையில் நின்ற மற்றவற்றையும் அறுத்தார்கள். வரைபடங்கள், உற்பத்திச் சட்டங்கள் எல்லாவற்றையும் அழிக்க உத்தரவு. வெள்ளை விமானங்கள் வெட்டவெளியில் துண்டாகிக் கிடப்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்த கனடாக்காரர்கள் யாரும் மறந்ததில்லை.

டீஃபன்பேக்கர் பழிவாங்கினார் என்பதுதான் ரொம்பக் காலம் ஊர்ப்பேச்சு. பல்மிரோ கம்பாக்னா என்ற ஆய்வாளர் ரகசியம் நீக்கிய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது வேறு ஒரு தாள் கிடைத்தது. விமானப்படைத் தளபதி ஹியூ கேம்பல் 1959 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்க்ஸுக்கு அனுப்பிய குறிப்பு அது. வழக்கமான அரசு ஏல வழியில் விற்றால் வாங்குகிறவன் அதைக் காட்சிக்கு வைப்பான், ரோட்டோரக் கடையாகக்கூட ஆக்கிவிடலாம், சங்கடமான விளம்பரமாகும். ஆகவே உடைத்துப்போடுவதே நல்லது என்பது அதன் பொருள்.

அதாவது, பார்வைக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பதுதான் அந்த முடிவின் உள்நோக்கம். அப்படி யோசித்தவர்களின் பட்டியலில் ஏரிக்குள் கிடந்த மாடல்கள் வரவில்லை. குப்பையை யார் அழிப்பார்கள்?

வேறு சிலதும் தப்பித்தன. ஆர்.எல்-206இன் மூக்குப் பகுதி விமானப்படையின் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்து, இப்போது ஒட்டாவாவில் கனடா வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வரைவாளர் அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோன வரைபடங்கள் 2020இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அவை வைக்கப்பட்ட இடம் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் டீஃபன்பேக்கர் மையம்! மனிதர்கள் தெற்கே போனார்கள். சேம்பர்லின் நாஸாவில் ஜெமினி விண்கலத் திட்டத்தை உருவாக்கினார். ஓவன் மேனார்ட் நிலவில் இறங்கிய கலத்தின் பொறியியலுக்குத் தலைமை வகித்தார். இவர்களோடு போனவர்கள் முப்பது பேர் அளவில் இருக்கும்.

கனடாவோ 1961இல் அமெரிக்காவிடமிருந்து 66 வூடூ விமானங்களை எடுத்துக்கொண்டது. எதை இனித் துரத்த வேண்டாம் என்றார்களோ அதைத் துரத்தத்தான்.

பசை போட்டு ஒட்டுகிற ஆரோ

உடலைக் காணாத சாவுக்கு ஒரு குணம் உண்டு. நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம், போனவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்ற பேச்சு அடங்கவே அடங்காது. ஓர் ஆரோ தப்பிப் பறந்துபோய் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்ற கதை கனடாவில் இன்னும் ஓடுகிறது. 1997இல் கனடாத் தொலைக்காட்சியில் வந்த 'தி ஆரோ' குறுந்தொடர்கூட ஒரு விமானம் தப்பிப்பதாகவே முடியும். அந்தத் தொடரில் வந்த விமானம், ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஒரு தனிமனிதர் முன்னமே கட்ட ஆரம்பித்திருந்த முழு அளவு மாடல்.

அதற்குப் பிறகு டொரொன்டோவின் டவுன்ஸ்வியூவில் தன்னார்வலர்கள் வருஷக்கணக்கில் உழைத்து உலோகத்தில் ஒரு முழு அளவு ஆரோவைச் செய்து 2006இல் வெளிக்கொண்டு வந்தார்கள். கால்கரியில் ஒரு குழு 60 சதவீத அளவில், பறக்கக்கூடிய ஆரோவைக் கட்டுகிறது. பிளாஸ்டிக் மாடல்காரர்கள் இருக்கவே இருக்கிறார்கள். ஹாபிகிராஃப்ட் என்ற கனடா நிறுவனம் 1/72, 1/48 இரண்டு அளவிலும் கிட் போட்டது. 1/48இல் இறக்கை மட்டும் ஓர் அடி அகலம். ஒட்டி முடித்தால் வீட்டில் எங்கே வைப்பது என்று சண்டை வரும். ஒருநாள்கூடப் பறக்காத ஆர்.எல்-206ஐச் சக்கரம் மடக்கிப் பறக்கிற கோலத்தில் நிறுத்துகிறவர்களும் உண்டு.

இந்த நினைவு மாடல்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பார்வைக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஜனங்கள் தங்கள் கையால் கொடுத்த பதில் அவை. ஆனால் இந்த மாடல்களில் ஆரோ எப்போதும் பூரணமாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற உடல், ஒட்டிய இலக்கங்கள், ஒரு குறையும் இல்லாத அம்பு. இரோக்வா எஞ்சினோடு ஆரோ பறந்ததே இல்லை. ரேடாரோடும் ஏவுகணையோடும் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. போயிருந்தால் எங்கே இடறும், எது பழுதாகும் என்று தெரிந்திருக்கும். நடக்காததால் குறையும் இல்லை. புகழ் வளர்வதற்கு அது ரொம்ப வசதி.

மேலே வந்தது எது?

2017இல் 'ரெய்ஸ் தி ஆரோ' என்ற பெயரில் ஒரு குழு, தானியங்கி நீர்மூழ்கியில் சோனார் பொருத்தி பாயின்ட் பீட்டருக்கு எதிரே ஏரியின் அடியைத் துழாவியது. செப்டம்பரில் ஒரு டெல்டா வடிவம் தட்டுப்பட்டது. ஆரோ கிடைத்துவிட்டது என்று செய்தி பறந்தது. ஆராய்ந்து பார்த்தால், அது அழகான பிற்கால மாடல் அல்ல. ஆரம்பத்தில் ஏவிய கரடுமுரடான சோதனை டெல்டா. 2018இல் அதை மேலே கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் ஏரிச் சிப்பி ஒட்டியிருந்தது.

சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. முதல் மாடலைச் செய்தவர்களுக்கு விமானம் எப்படி இருக்கப்போகிறது என்றே முழுசாகத் தெரியாது. ஏவினால் நேராகப் போகுமா, ரேடியோ பேசுமா என்பதுதான் அவர்கள் கவலை. தங்கள் கணக்கைச் சந்தேகித்து, பணமும் உழைப்பும் செலவழித்து, உடைந்தால் உடையட்டும் என்று தூக்கி வீசிப் பார்த்தார்கள். ஆரோவில் பெருமைப்பட ஏதாவது உண்டென்றால் அந்தக் குணத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பளபளக்கும் நினைவு மாடலில் அது தெரியாது. சிப்பி தின்ற டெல்டாவில் தெரியும்.

டொரொன்டோவிலிருந்து ஒட்டாவாவுக்கு 401 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வழியிலேயே ட்ரென்டன் வரும். அங்கே விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. ஏரியிலிருந்து வந்த டெல்டாவை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். ஒட்டாவாவில் ஆர்.எல்-206இன் அறுபட்ட மூக்கு. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கப் பாருங்கள், ட்ரென்டனை முதலில்.